அரைக்கிலோப் படி

விதிப்புத்தகம் ஒரு பெட்டியில் தொடங்குகிறது:
நானூற்றிருபது, இருநூறு, ஐம்பது மில்லிமீற்றர்.
காற்றுத் துப்பாக்கி அதற்குள் படுத்து
மூடி முட்டாமல் மூடினால்
மிச்சம் என் விருப்பம்.

மிச்சம் கொஞ்சம்தான்.
பிடி மரத்தை அரத்தால் இழைக்கலாம்,
மரப்பசை அப்பி விரல் பதிக்கலாம்,
மணிக்கட்டைத் தாங்கக் கூடாது.
தாங்கினால் அது பிடியல்ல, ஊன்றுகோல்.
என் மோதிர விரலில் ஒரு கணு இல்லை;
லிங்கநகரில் தண்ணீர் மானி வாசிக்கப் போன இடத்தில்
இரும்பு மூடி எடுத்துக்கொண்டது.
அந்தக் கணு இருந்திருக்கும் இடத்தில்
பசையால் ஒரு சின்ன மேடு வைத்தேன்.
புத்தகத்தை இரண்டு தரம் புரட்டினேன்.
இல்லாத விரலைப் பற்றி
அதில் ஒரு வரியும் இல்லை.

விசைக்குத்தான் எடை.
ஐந்நூறு கிராமுக்குக் குறையக் கூடாது.
குழல் வானம் பார்க்க,
விசையில் கல்லைக் கொளுவித் தூக்கினால்
கல் எழும்ப வேண்டும், விசை விழக் கூடாது.
சோதனைக் கல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்,
அதற்குக் கேட்ட வரி கல்லை விடப் பாரம்.

மீன்சந்தையில் மர்சூக் நானாவிடம் போனேன்.
"அரைக்கிலோப் படியை ஒரு கிழமைக்குத் தாங்கோ."
"மீன் வேணாமா புள்ள, படி மட்டுமா?"
செதில் காய்ந்திருந்த இரும்பைத்
தாளில் சுற்றித் தந்தார்.
"ரெண்டு கால்கிலோ வெச்சு ஓட்டுறன், போ."

உவர்மலையில் ஏழு இரவு.
சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு கொக்கி.
திருகைக் கால் சுற்று இளக்கு,
தூக்கு.
இன்னும் அரைக்கால் சுற்று,
தூக்கு.
டிக்.
விசை வழுகும், படி தரையில் விழும்,
கீழ்வீட்டு மனோன்மணி அக்கா
தும்புத்தடியால் முகட்டை இடிப்பா.
திரும்ப இறுக்குவேன்.
ஏழாம் இரவு
நினைத்தாலே போதும் போலிருந்தது.

சீனன்குடா மண்டபம், காலை எட்டரை.
பெட்டிக்குள் படுத்தது.
பரிசோதகர் விதானகே பிடியின் மேட்டைப் பார்த்தார்,
என் கையைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
பித்தளைக் கல்லைக் கொளுவித் தூக்கினார்.
டிக்.
மூன்று தரம் தூக்கினார்.
மூன்று தரமும் டிக்.
"ஹரி நே, மிஸ்."

படி பைக்குள்தான் இருந்தது.
எடுத்துத் தலைகீழாகப் பிடித்தேன்.
முத்திரை குத்திய ஈயம் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு குழி.
குழிக்குள் ஒரு செதில்.

எத்தனை வருடமோ.
பாரையும் விளைமீனும் அறுக்குளாவும்
அரைக்கிலோ அரைக்கிலோவாய்
ஒரு கடி குறையத் தின்ற ஊர்.
என் விசையும் அதையே தின்று வளர்ந்திருக்கிறது.

கால் சுற்று இறுக்கினேன்.
கல் எழும்பியது. ஒட்டுத்தாள் ஒட்டினார்.
அறுபது குண்டு.
விரல் சந்தைக் கணக்கில் இழுத்தது,
குண்டு போகவில்லை,
கை நடுங்கத் தொடங்கிய பிறகு போனது.
ஏழு. எட்டு. ஏழு.
பிந்திப் பிந்தி விரல் படித்தது.
பதினெட்டுப் பேரில் பதினோராம் இடம்.

திங்கட்கிழமை வழியில்
பெரியகடை நகைக்கடைத் தராசில் வைத்தேன்:
நானூற்று எண்பத்தேழு.
நானாவிடம் சொன்னேன்.
அவர் குழிக்குள் பெருவிரலை வைத்துப் பார்த்தார்,
விரல் சரியாய் உட்கார்ந்தது.
"அல்லாவே, இது வாப்பா காலத்துப் படி.
நீ எத்தினையாவதா வந்த?"
"பதினொண்டு."
தலையைச் சொறிந்தார்.

பிறகு அதே படியை வைத்து
அரைக்கிலோ சூடை நிறுத்தார்.
முள் நடுவில் நின்றது.
எங்கேயோ பார்த்தபடி
இன்னுமொரு சூடையைப் போட்டார்.
பதின்மூன்று கிராமுக்குக் குறையாது,
என் சுட்டுவிரல் சொன்னது.

எனக்குப் பின்னால் கூடையோடு ஒருத்தி.
அவளுக்கும் போடுவாரா என்று பார்க்க
ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில்
செருப்பு நனையக்
கொஞ்ச நேரம் நின்றேன்.